சாரட்டு வண்டியும் பூட்டிய அறையும்!

2021-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி சின்னப்பம்பட்டியே தெருவுக்கு வந்துவிட்டது.

மேளம் அடித்தார்கள். தேசியக் கொடியை ஆட்டினார்கள். குதிரை பூட்டிய சாரட்டு வண்டி மெல்ல மெல்ல நகர்ந்தது. வண்டியைச் சுற்றி எள் போட்டால் எள் விழாத கூட்டம்! அது கொரோனா காலம். கூட்டம் கூடக் கூடாது என்று அரசாங்கம் சொல்லி இருந்தது. அன்றைக்கு அதை யார் நினைத்தார்கள்?

சாரட்டில் வந்தவர் கல்யாண மாப்பிள்ளை அல்ல. கிரிக்கெட் வீரர் நடராஜன்.

சேலத்துக்கு மேற்கே உள்ள கிராமம் சின்னப்பம்பட்டி. தறிக்காரர்கள் நிறைந்த பக்கம். நடராஜனின் தந்தை தறியில் கூலி வேலை பார்த்தவர். தாய் சாலை ஓரத்தில் கோழிக்கறி வறுத்து விற்றவர். ரப்பர் மாதிரி துள்ளும் டென்னிஸ் பந்தை வைத்துத் தெருவில் விளையாடிப் பழகிய பிள்ளை, ஆஸ்திரேலியாவை அந்த நாட்டு மண்ணிலேயே தோற்கடித்த அணியில் ஆடிவிட்டுத் திரும்பி வந்தார். ஊர் சும்மா இருக்குமா?

அந்த ஊர்வலத்தின் படம் நாடு முழுவதும் பரவியது. முன்னாள் வீரர் சேவாக்கும் அதை எடுத்துப் போட்டு மெச்சினார்.

எல்லாம் சரி. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு.

இத்தனை நாள் அந்தப் பிள்ளை எங்கே தங்கி இருந்தது?

5 மாதம்

நடராஜன் ஊரை விட்டுப் போனது 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அந்த வருஷம் ஐ.பி.எல். போட்டி இந்தியாவில் நடக்கவில்லை. கொரோனாவுக்குப் பயந்து துபாய், அபுதாபி, சார்ஜா என்று பாலைவன நாட்டுக்குக் கொண்டு போனார்கள். ஐதராபாத் அணிக்காக அவரும் போனார். 16 ஆட்டங்களில் 16 விக்கெட் எடுத்தார்.

மட்டைக்காரரின் கால் விரலைக் குறி பார்த்து விழும் பந்துக்கு "யார்க்கர்" என்று பெயர். அதை அடிப்பதும் கஷ்டம். தவறாமல் வீசுவது அதைவிடக் கஷ்டம். நடராஜன் அதைத் தவறாமல் வீசினார். டிவில்லியர்ஸ் என்ற பெரிய மட்டைக்காரரின் ஸ்டம்பையே பறக்க விட்டார்.

அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. நேராக ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். அணியில் ஆடுவதற்காக அல்ல. பயிற்சியின்போது மற்றவர்களுக்குப் பந்து வீசிக் கொடுப்பதற்காக! அணியில் ஒருவருக்குத் தோளில் காயம். இன்னொருவருக்குக் காலில் காயம். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. டிசம்பர் 2-ந் தேதி ஒரு நாள் ஆட்டம். 4-ந் தேதி 20 ஓவர் ஆட்டம். ஜனவரி 15-ந் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் முதன் முதலாகக் களம் இறங்கிய முதல் இந்தியர் அவர்தான்.

இது சேலத்துப் பையன்களுக்கு மனப்பாடம். யாரை எந்த ஓவரில் அவுட் ஆக்கினார் என்று கேட்டால் ஒப்பிப்பார்கள்.

ஆனால் அந்த 5 மாதமும் அவர் வாழ்ந்த வாழ்க்கை?

அறை. பஸ். மைதானம். மறுபடியும் பஸ். மறுபடியும் அறை.

துபாயில் இறங்கியதும் வீரர்களை 6 நாள் அறைக்குள் வைத்தார்கள். சிட்னியில் இறங்கியதும் 14 நாள் தனிமை. பயிற்சிக்கு மட்டும் வெளியே விடுவார்கள். கடை வீதிக்குப் போகக் கூடாது. வெளி ஆளைப் பார்க்கக் கூடாது. மூக்கில் குச்சியை விட்டுச் சோதனை செய்துகொண்டே இருப்பார்கள். இதற்கு "பயோ பபுள்" என்று பெயர் வைத்தார்கள். பபுள் என்றால் சோப்புக் குமிழி. உள்ளே இருப்பவர் வெளியே வரக் கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே போகக் கூடாது என்று அர்த்தம். பெயர் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது!

மகள் பிறந்தாள்

2020 நவம்பர். ஐ.பி.எல். கடைசிக் கட்டம். அபுதாபியில் நடராஜன் பந்து வீசிக் கொண்டிருந்தார். இங்கே அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அந்தக் குழந்தையை அவர் கண்ணால் பார்த்தது எப்போது? ஜனவரியில் சாரட்டில் ஏறி ஊர் வந்த பிறகுதான்! அதற்குள் குழந்தைக்கு இரண்டு மாதம் தாண்டிவிட்டது.

அதே சுற்றுப்பயணத்தில் கேப்டன் கோலியின் மனைவியும் கர்ப்பமாக இருந்தார். முதல் டெஸ்ட் முடிந்ததும் கோலி ஊர் திரும்பினார். அவருக்கு லீவு கிடைத்தது. வலைப்பயிற்சிக்குப் பந்து வீச வந்தவர் அங்கேயே இருந்தார். முன்னாள் கேப்டன் கவாஸ்கர் இதைத் தம்முடைய கட்டுரையில் சுட்டிக் காட்டினார். பெரிய ஆட்டக்காரருக்கு ஒரு விதி, மற்றவருக்கு ஒரு விதியா என்ற அர்த்தத்தில் எழுதினார். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். சிலர் கோலியைத் திட்டினார்கள்.

கோலியைத் திட்டியது தவறு. பிரசவ நேரத்தில் மனைவி பக்கத்தில் இருக்க ஆசைப்படுவது குற்றமா? தகப்பன் செய்ய வேண்டியதைத்தான் அவர் செய்தார். அந்த வசதி நடராஜனுக்கும் இருந்ததா, அவர் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா, கேட்கும் தைரியம் புதுப் பையனுக்கு வருமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வந்த வாய்ப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போனால் மறுபடியும் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்ற பயம் ஏழை வீட்டுப் பிள்ளைக்குத்தான் தெரியும். விதி என்பது கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. கேட்கக் கூச்சப்படுகிறவரைத் தேடிப் போய் "நீ ஊருக்குப் போய் வா, உன் இடம் இருக்கும்" என்று சொல்ல வேண்டும்.

அதே நாள், இன்னொரு ஊரில்

சிராஜ் என்று இன்னொரு பந்து வீச்சாளர். ஐதராபாத்காரர். அவருடைய தந்தை ஆட்டோ ஓட்டிப் பிள்ளையை வளர்த்தவர்.

2020 நவம்பர் 20-ந் தேதி அந்தத் தந்தை இறந்துபோனார். மகன் அப்போது சிட்னியில் தனிமையில் இருந்தார். ஊருக்குப் போகலாம் என்று கிரிக்கெட் வாரியம் சொன்னது. போனால் இறுதிச் சடங்குக்குப் போய்ச் சேர முடியுமா? திரும்பி வந்தால் மறுபடியும் 14 நாள் அடைபட வேண்டும். சிராஜ் போகவில்லை. அங்கேயே தங்கினார். அறைக்குள் அழுதார்.

சிட்னி மைதானத்தில் தேசிய கீதம் பாடியபோது அவர் கண்ணில் நீர் வழிந்ததை உலகமே டெலிவிஷனில் பார்த்தது. பிரிஸ்பேனில் கடைசி டெஸ்டில் ஒரே இன்னிங்சில் 5 விக்கெட் எடுத்தார்.

2021 ஜனவரி 21-ந் தேதி ஐதராபாத் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தந்தையின் கல்லறைக்குப் போனார்.

ஜனவரி 21! சின்னப்பம்பட்டியில் சாரட்டு ஓடிய அதே நாள்.

லிப்ட் கதவு

தங்கிய இடங்களாவது நன்றாக இருந்தனவா?

பெரிய ஓட்டல்கள்தான். குறை சொல்ல முடியாது. ஆனால் சிட்னியில் நடந்த ஒன்றை அஸ்வின் பிற்பாடு வெளியே சொன்னார். இரண்டு அணியும் ஒரே பாதுகாப்பு வளையத்துக்குள்தான் இருந்தன. ஆனால் லிப்டுக்குள் ஆஸ்திரேலிய வீரர்கள் இருந்தால் இந்திய வீரர்களை அதில் ஏற விடவில்லையாம்! மைதானத்தில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று ஆடலாம். லிப்டில் சேர்ந்து நிற்கக் கூடாது. இது எந்த ஊர் நியாயம்? மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது என்று அவர் சொன்னார். சேலம், நாமக்கல் கிராமங்களில் வயசானவர்களுக்கு இந்த மாதிரிக் கஷ்டம் புரியும். கிணற்றடியிலும் டீக்கடையிலும் தள்ளி நிற்கச் சொன்ன காலத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

பிரிஸ்பேனில் வேறு கூத்து. அறையைக் கூட்ட ஆள் இல்லை, படுக்கையை வீரர்களே விரிக்க வேண்டி இருக்கிறது, நீச்சல் குளத்துக்குப் போகக் கூடாது என்று செய்திகள் வந்தன. கிரிக்கெட் வாரியம் தலையிட்டது.

இந்தச் செய்தி வந்ததும் ஒரு சாரார் சிரித்தார்கள். "கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவனுக்குப் பாய் விரிக்கத் தெரியாதா?" என்று கேலி செய்தார்கள்.

இந்தக் கேலியில் கொஞ்சம் உண்மை உண்டு. தன் படுக்கையைத் தானே விரிப்பதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் அப்போது அந்த அணியின் நிலைமை என்ன? பும்ரா காயம். ஜடேஜா காயம். விஹாரி காயம். அஸ்வினுக்கு முதுகு வலி. குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடியவில்லை என்று அவர் மனைவியே எழுதினார். பாதி அணி ஆஸ்பத்திரி வார்டு மாதிரி கிடந்தது. அடிபட்ட உடம்புக்குத் தண்ணீரில் நடப்பது ஒரு வைத்தியம். சம்பளம் கோடியாக இருந்தாலும் முதுகு ஒன்றுதான்.

36-ல் தொடங்கி

ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

டிசம்பர் 19-ந் தேதி. அடிலெய்டு நகரில் முதல் டெஸ்ட். இந்தியா ஒரு இன்னிங்சில் வெறும் 36 ரன்னில் சுருண்டது! இந்திய டெஸ்ட் சரித்திரத்திலேயே அதுதான் மிகக் குறைவு. அன்றைக்கு வந்த வசவுகளை அச்சில் போட முடியாது. தோற்றதற்கு வருத்தப்படலாம். வீரரின் தாயையும் பெண்டாட்டியையும் இழுத்துத் திட்டுவது எதில் சேர்த்தி?

ஜனவரி 19-ந் தேதி பிரிஸ்பேன். 32 வருஷமாக ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்காத மைதானம். 328 ரன் அடிக்க வேண்டும். அடித்தார்கள்! 3 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. கோப்பையை வாங்கிய கேப்டன் ரஹானே அதை நடராஜன் கையில் கொடுத்தார்.

சரியாக ஒரே மாதம். திட்டிய வாயெல்லாம் புகழ்ந்தது. அந்த ஒரு மாதமும் வீரர்கள் இருந்தது அதே மாதிரி அறையில்தான்.

நடுவில் ஒரு ரசிகர் செய்த காரியம் எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தது. 2021 புத்தாண்டு தினம். மெல்போர்ன் நகரில் 5 இந்திய வீரர்கள் சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். பக்கத்து மேஜையில் இருந்த ரசிகர் ஒருவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. வீரர்களின் பில்லைத் தாமே கட்டினார். அதோடு விட்டாரா? படம் எடுத்தார். ஊருக்கெல்லாம் அறிவித்தார். ரிஷப் பண்ட் தம்மைக் கட்டிப் பிடித்தார் என்று எழுதினார்!

கொரோனா காலத்தில் வெளி ஆளைக் கட்டிப் பிடிப்பதா? கடைக்கு உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவதா? விசாரணை வந்தது. 5 பேரையும் அணியில் இருந்து பிரித்துத் தனியாக வைத்தார்கள். பிறகு அந்த ரசிகரே, பண்ட் கட்டிப் பிடிக்கவில்லை, சந்தோஷத்தில் எழுதிவிட்டேன் என்று சொன்னார். சோதனையில் யாருக்கும் நோய் இல்லை. தப்பித்தார்கள்.

தப்பித்ததால்தான் பிரிஸ்பேனில் அதே பண்ட் 89 ரன் அடித்து ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார். அதே கடையில் சாப்பிட்ட சுப்மன் கில் 91 ரன் அடித்தார். ஒரு சாப்பாட்டு பில், ஒரு வாய்த் துடுக்கு! அந்த வெற்றியே கைநழுவிப் போயிருக்கும். வீரர்கள் கடைக்கு உள்ளே போனதும் தப்புத்தான். ஆனால் அன்பு காட்டுகிறேன் என்று ஆளைக் காட்டிக் கொடுப்பது எந்த வகை அன்பு?

சிட்னியில் நடந்தது அன்பும் அல்ல. எல்லைக் கோட்டருகே நின்ற சிராஜை நிறத்தையும் இனத்தையும் சொல்லிக் கூட்டத்தில் இருந்து சிலர் ஏசினார்கள். ஆட்டம் சற்று நேரம் நின்றது. 6 பேரை வெளியேற்றினார்கள். இன வசை நடந்தது உண்மைதான் என்று ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியமே பிற்பாடு ஒப்புக்கொண்டது. தகப்பனை இழந்து இரண்டு மாதம்கூட ஆகாத பிள்ளையை!

லாரிக்காரர் வீட்டுக்குத் தெரியும்

இந்தப் பிரிவுத் துயரம் சேலம், நாமக்கல் ஜனங்களுக்குப் புதிது அல்ல.

நாமக்கல் லாரி போகாத ஊர் இந்தியாவில் உண்டா? டிரைவர் வண்டி எடுத்தால் வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் திரும்ப மாட்டார். கேபின்தான் அவருக்கு வீடு. அடுப்பும் அதில்தான், படுக்கையும் அதில்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆழ்குழாய் கிணறு போடப் போகிற பிள்ளைகள் வட நாட்டில் பல மாதம் கிடப்பார்கள். மகன் பிறந்த சேதியை ஆந்திராவிலோ மத்திய பிரதேசத்திலோ போனில் கேட்ட தகப்பன்மார் இந்தப் பக்கத்தில் ஆயிரக் கணக்கில் இருப்பார்கள். அவர்களுக்குச் சாரட்டும் கிடையாது, கோடியும் கிடையாது.

அப்படியானால் கிரிக்கெட் வீரருக்காக மட்டும் ஏன் உருக வேண்டும் என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. உருக வேண்டாம். ஆனால் லாரிக்காரர் வீட்டில், "எங்கே படுத்தீங்க? என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "எவ்வளவு சம்பாதிச்சீங்க?" என்பது அப்புறம்தான் வரும். ஆட்டக்காரரிடம் மட்டும் ஏன் கேள்வி தலைகீழாகப் போகிறது? "எத்தனை விக்கெட்?" அதோடு சரி!

இதைவிட ஆச்சரியம் இன்னொன்று. பிள்ளைகளை விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கும் பள்ளிக்கூடங்களுக்கு நாமக்கல் பேர் போன ஊர். எங்கெங்கோ இருந்து பெற்றோர்கள் வருகிறார்கள். அறையைத் திறந்து பார்க்கிறார்கள். ஒரு அறையில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுகிறார்கள். சாம்பாரை ருசி பார்க்கிறார்கள். வாரத்துக்கு எத்தனை தடவை போனில் பேச விடுவீர்கள் என்று வாதாடுகிறார்கள். பரீட்சைக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு இத்தனை விசாரணை! அதே வீட்டில் இன்னொரு பிள்ளை விளையாட்டுப் பயிற்சிக்கு வெளியூர் போகிறது என்றால், "கோச்சு பார்த்துக்குவார்" என்று பையைத் தோளில் மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் போகவே வேண்டாம் என்று தடுத்துவிடுகிறார்கள். விசாரித்து அனுப்பலாமே என்ற மூன்றாவது வழி பலருக்குத் தோன்றுவது இல்லை.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பள்ளிப் பிள்ளைகளுக்காக விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கே கிடைக்கும். பக்கத்துப் பள்ளியில் படிப்பும் நடக்கும். இது ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய வரம். அந்த விடுதிகளையும் பெற்றோர் போய்ப் பார்க்க வேண்டும். அடிபட்டால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது? ராத்திரி பிள்ளை அழுதால் யாரிடம் சொல்லும்? அம்மாவோடு பேச எந்த நேரத்தில் விடுவார்கள்? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் பிள்ளையை விட வேண்டியது இல்லை.

கொடி பிடிக்க முடியாத கை

கிரிக்கெட்டை மட்டும் பேசினால் போதாது. அதே சேலம் மாவட்டத்தில் பெரியவடகம்பட்டி இருக்கிறது. மாரியப்பன் தங்கவேலு பிறந்த ஊர்.

5 வயதில் பஸ் ஏறி அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாய் காய்கறி விற்று வளர்த்தார். 2016-ல் பிரேசில் நாட்டு ரியோ நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் வாங்கினார் அந்தப் பிள்ளை.

அடுத்த பாராலிம்பிக் ஜப்பானில் நடந்தது. 2021 ஆகஸ்டு 24-ந் தேதி டோக்கியோவில் தொடக்க விழா. இந்திய அணிக்கு முன்னால் தேசியக் கொடியைப் பிடித்து நடக்க மாரியப்பனைத்தான் தேர்ந்தெடுத்து இருந்தார்கள். என்ன பெருமை! ஆனால் அவர் வந்த விமானத்தில் இருந்த வெளிநாட்டவர் ஒருவருக்குக் கொரோனா. மாரியப்பனுக்கு நோய் இல்லை. இருந்தாலும் பக்கத்தில் இருந்தவர் என்று தனியாக வைத்துவிட்டார்கள். கொடியை தேக் சந்த் என்ற இன்னொரு வீரர் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 31-ந் தேதி, கொட்டும் மழையில் மாரியப்பன் தாண்டினார். காலில் போட்டிருந்த காலுறை ஈரமாகிவிட்டது. 1.86 மீட்டர். வெள்ளி. இங்கே சிலர் அதற்கும் உதட்டைப் பிதுக்கினார்கள். "போன தடவை தங்கம், இந்தத் தடவை வெள்ளிதானா?"

என்ன ஜனங்கள்! அடைபட்டுக் கிடந்துவிட்டு வந்து, ஈரக் காலோடு, தன் உயரத்துக்கு மேலே தாண்டிய ஆளை இப்படிக் கேட்கலாமா? 2024-ல் பாரிசில் வெண்கலம் வாங்கினார். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம்.

11 உயிர்

ரசிகர்களின் அன்பு அளவு மீறினால் என்ன ஆகும்?

2025 ஜூன் 3-ந் தேதி பெங்களூர் அணி முதன் முதலாக ஐ.பி.எல். கோப்பையை வென்றது. 18-வது வருஷத்தில் கிடைத்த கோப்பை. மறுநாளே வெற்றி விழா என்று அறிவித்தார்கள். சின்னச்சாமி மைதானத்தின் வாசலில் ஜனங்கள் அலை மோதினார்கள். நெரிசலில் 11 பேர் செத்தார்கள்.

எல்லாரும் ஆட்டக்காரரைக் கண்ணால் பார்க்கப் போனவர்கள்.

பெங்களூர் சேலத்துக்குத் தூரம் இல்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஏராளமான பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். அன்று ராத்திரி எத்தனை வீடுகளில் போன் மணி அடித்திருக்கும்! கூட்டத்தைச் சமாளிக்க வழி செய்யாமல் விழா அறிவித்தவர்கள் மீதுதான் முதல் குற்றம். அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் கோப்பை ஓடிப் போய்விடாது. இரண்டு நாள் கழித்து விழா வைத்தால் என்ன? வீரர்களுக்கும் அந்த இரண்டு நாள் தூக்கம் கிடைக்கும். இரண்டு மாதம் ஊர் ஊராக ஓட்டல் மாறி மாறித் தங்கியவர்கள், பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க மாட்டார்களா?

செல்போன் அணிகள்

இன்றைக்குச் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஆடும் ஆட்டத்துக்குக்கூட அணிகள் வந்துவிட்டன. உலகப் போட்டிகள் நடக்கின்றன. 2023-ல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து 2025-ல் மத்திய அரசு கொண்டு வந்த சட்டம், இந்தப் போட்டி ஆட்டங்களை வேறாகப் பிரித்து அங்கீகாரம் கொடுத்தது.

தென் கொரியாவில் இந்த அணிகளை ஒரே வீட்டில் தங்க வைத்து ஆடப் பழக்கும் வழக்கம் உண்டானது. சமையல்காரர் உண்டு. ராத்திரி வெகு நேரம் வரை பயிற்சி. அந்த நாட்டு "டி1" என்ற அணி 2023, 2024, 2025 மூன்று வருஷமும் "லீக் ஆப் லெஜண்ட்ஸ்" ஆட்டத்தில் உலகப் பட்டம் வென்றது. அங்கே ரசிகர்களுக்குக் கோபம் வந்தால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு லாரி வாடகைக்குப் பிடிக்கிறார்கள். அதில் மின்சாரப் பலகை வைத்துத் தங்கள் புகாரை ஓட விடுகிறார்கள். அணியின் ஆபீஸ் வாசலில் கொண்டு போய் நிறுத்துகிறார்கள்! முட்டையும் இரும்பும் ஏற்றிப் பழகிய நாமக்கல் லாரிக்காரருக்கு இந்தச் சரக்கு விநோதமாக இருக்கும்.

சிரிக்கலாம். ஆனால் அவர்கள் நிர்வாகத்திடம் போய்க் கேட்கிறார்களே, அதைக் கவனிக்க வேண்டும். அந்த வீட்டுக்குள் தூக்கம் உண்டா, ஓய்வு உண்டா என்றும் அந்தப் பலகையில் ஓட விட்டால் இன்னும் நன்றாக இருக்கும். இங்கேயும் "டீமில் சேர்த்துக்கொள்கிறேன், எங்களோடு வந்து தங்கு" என்று யாராவது பிள்ளையைக் கூப்பிட்டால், பள்ளிக்கூட விடுதியில் கேட்கிற கேள்வி எல்லாவற்றையும் அங்கேயும் கேட்கத்தான் வேண்டும். முகவரி என்ன? வீட்டில் பெரியவர் யார்? எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள்?

100 பேர் உட்காரும் கேலரி

சாரட்டு ஊர்வலம் முடிந்து சில நாளில் நடராஜன் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். அதன் பிறகு முழங்காலில் ஆபரேஷன். 2021 செப்டம்பரில் துபாயில் கொரோனா வந்து மறுபடியும் தனி அறை. ஊர்வலத்தில் ஆடியவர்களில் பலர் அதற்குள் வேறு ஆட்டக்காரருக்குக் கை தட்டப் போய்விட்டார்கள். அது ரசிகர்களின் சுபாவம். அதற்காக அவர்களைக் கோபித்துப் பயன் இல்லை.

நடராஜன் செய்தது வேறு. சின்னப்பம்பட்டியிலேயே சொந்தச் செலவில் ஒரு மைதானம் போட்டார். 2023 ஜூன் மாதம் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். தாம் சின்ன வயதில் வசதி இல்லாமல் பட்ட பாட்டை மற்றப் பிள்ளைகள் படக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். இனி ஒரு தறிக்காரர் வீட்டுப் பையன் நல்ல ஆடுகளத்தைப் பார்க்கவே சென்னைக்குப் போய், தெரியாத ஊரில் தங்க இடம் தேடி அலைய வேண்டியது இல்லை. காலையில் பயிற்சி முடித்துவிட்டு ராத்திரி தன் வீட்டிலேயே, தன் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம்.

மைதானம் கட்டப் போவதாக அறிவித்தபோது என்னென்ன வசதி இருக்கும் என்று அவரே சொன்னார். நடுவில் 4 ஆடுகளம். உடற்பயிற்சிக்கு ஒரு சின்ன இடம். பிள்ளைகள் சாப்பிட ஒரு கேண்டீன். ரசிகர்கள் உட்கார ஒரு சின்ன கேலரி. அதில் சுமார் 100 பேர் உட்காரலாம்.